மெழுகுவத்தி எரியுதுன்னு சம்புக்குள்ள ஆள இறக்காதீங்க

புதுசா கட்டின சம்புக்குள்ள, அதாவது தரைக்கடித் தண்ணித் தொட்டிக்குள்ள, மெழுகுவத்தி எரியுதான்னு பாத்துட்டு ஆள இறக்கலாமான்னு எழுதிக் கேட்டிருந்தீங்க. இறக்க வேண்டாம். இருபது நாளா மூடிக் கெடந்த சம்புல சென்ட்ரிங் (கான்கிரீட்டத் தாங்க அடிச்ச பலகையும் கம்பும்) பிரிக்க, மெழுகுவத்தி எரிஞ்சா போதும்னு மேஸ்திரி சொல்றது தப்பு. காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும், 19.5க்கு கீழ போனாலே உள்ள போகக் கூடாது, ஆனா மெழுகுவத்தி 16 கிட்ட வர்ற வரைக்கும் எரிஞ்சிட்டுதான் இருக்கும். விஷவாயுவ அது காட்டாது, மீத்தேன் இருந்தா பத்திக்கும்.

சாக்கடையே கலக்காத புதுத் தொட்டியில காத்து எப்படி கெடும்னும் கேட்டிருந்தீங்க. காரணம் பெரும்பாலும் அந்தப் பலகையும் சவுக்குக் கம்பும்தான். கீழ தேங்கின தண்ணியில மரம் ஊறி அழுகுறப்போ ஆக்சிஜன தின்னுடும், கார்பன் டை ஆக்சைடு கனம், அடியிலயே தங்கிடும். நேத்து உள்ள போனவர் தலை சுத்துதுன்னு ஏறி வந்தார்னு எழுதியிருக்கீங்களே, அத வெயில்னு விட்டுடாதீங்க.

1. எல்லா மூடியும் திறந்து தண்ணிய இறைங்க. பெட்ரோல் பம்ப உள்ள இறக்காதீங்க, அந்தப் புகையே ஆள சாய்ச்சுடும்.

2. ப்ளோயர் (காத்தடிக்கிற மெஷின்) வச்சு காத்தடிங்க, அதோட குழாய் அடி வரைக்கும் போகணும். தொட்டி வாய்கிட்டயே காத்தடிச்சா பிரயோஜனமில்ல.

3. ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, தீப்பிடிக்கிற வாயுன்னு நாலையும் காட்டுற கேஸ் மீட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியிலன்னு ரெண்டு ரெண்டு நிமிஷம் வச்சுப் பாருங்க.

ரீடிங் நல்லா வந்தாலும் பலகைய பிரிக்கப் பிரிக்க பின்னாடி அடைஞ்ச காத்து வெளிய வரும், அதனால ப்ளோயர் ஓடிக்கிட்டே இருக்கணும், மீட்டர் ஆள் சட்டையிலயே இருக்கணும். உள்ள இறங்குறவர் ஹார்னஸ் (உடம்புல மாட்டுற பெல்ட்) போட்டிருக்கணும், அதோட கயிறு மேல நிக்கிறவர் கையில இருக்கணும். உள்ள யாராவது சாஞ்சா மேல நிக்கிறவர் உள்ள குதிக்கவே கூடாது, வெளியிலேர்ந்தே இழுத்துட்டு 112க்கு அடிக்கணும்.