டிராக்‌ஷன் கன்ட்ரோல் பெட்டியை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: பெங்களூரு அலசூரில் குடியிருக்கிறேன். என் கார் 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர இயக்கம். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வசதி) கிடையாது. மழை நாளில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டிலிருந்து மேலே ஏறும்போது, வளைவான சரிவில் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டு) ஓரளவு தெரியும். ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து வேகத்தை எடுத்து, சக்கரம் வழுக்கினால் ஸ்பார்க்கைத் துண்டிக்கும் பெட்டி ஒன்று செய்ய முடியுமா?

பதில்: செய்ய முடியும். 1971-லேயே அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் ‘மேக்ஸ்ட்ராக்’ என்ற பெயரில் ஏறக்குறைய இதையே விற்றது. முன்சக்கர வேகத்தையும் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பின்சக்கரம் மிஞ்சினால் இக்னிஷனை விட்டு விட்டுத் துண்டிக்கும். ஆனால் உங்கள் சரிவில் அது உதவுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏறும்போது ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறதா, இரண்டுமா? உங்கள் காரில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் கியர் அமைப்பு). அது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். பாசி படிந்த இடத்தில் இடது சக்கரம் வழுக்கினால், அந்தச் சக்கரம் தாங்குகிற அளவுதான் வலது சக்கரத்துக்கும் போகும். இன்ஜினை அடக்கினால் சுற்றுவது நிற்கும், கார் ஏறாது. கம்பெனியில் பொருத்தும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, மறுபக்கம் விசை போக வைக்கிறது. அதற்கு ஏ.பி.எஸ். ஹைட்ராலிக் யூனிட் தானாகவே அழுத்தம் உண்டாக்கும் வகையில் வால்வுகள் வேண்டும். வெறும் ஏ.பி.எஸ். யூனிட்டில் அவை கிடையாது. பிரேக் லைனில் நீங்களாக எதையும் சேர்க்க நினைக்கவே வேண்டாம்.

சரி, சென்சாருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கணக்குக்கு, டயர் ஒரு சுற்றில் 1.95 மீட்டர் ஓடுகிறது, சக்கரத்தோடு சுற்றும் சென்சார் வளையத்தில் 48 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்குச் சுமார் 137 பற்கள் கடக்கும். 100 மில்லி நொடிக்கு ஒருமுறை எண்ணினால் 13 அல்லது 14 வரும். ஒரு பல் கூடக்குறைய ஆனாலே 7 சதவீதப் பிழை. மணிக்கு 5 கிலோமீட்டரில் 3 அல்லது 4 பற்கள்தான், பிழை 25 சதவீதத்துக்கும் மேல். நீங்கள் பிடிக்க வேண்டிய வழுக்கலோ 10 முதல் 20 சதவீதம். அதனால் பற்களை எண்ணாதீர்கள். இரண்டு பற்களுக்கு இடையே ஆகும் நேரத்தை இன்டரப்ட் (சிக்னல் வந்த உடனே ஆர்டுயினோவைக் கவனிக்க வைக்கும் வசதி) வைத்து மைக்ரோ நொடியில் அளந்து, நாலைந்து பற்களுக்குச் சராசரி எடுங்கள்.

சென்சாரிலும் இரண்டு வகை உண்டு, இரண்டிலும் இரண்டே ஒயர்தான். காந்தச் சுருள் வகையில் வேகம் குறையக் குறைய மின்னழுத்தமும் குறையும். நடக்கிற வேகத்தில் சிக்னல் கிட்டத்தட்ட இருக்காது, உங்கள் சரிவில் வேண்டியதோ அந்த வேகம்தான். இதற்கு, அந்தச் சிறிய சிக்னலையும் படிக்கும் எல்எம்1815 போன்ற சிப் தேவை. ஹால் வகை (காந்தப்புலத்தை உணரும் சிப்) பொதுவாக 7, 14 மில்லி ஆம்பியர் என்று மின்னோட்டத்தை மாற்றிச் சொல்லும், மெதுவாகப் போனாலும் படிக்கும். எதுவானாலும் ஏ.பி.எஸ். ஒயரில் நேராக ஆர்டுயினோவைச் சேர்த்தால் சிக்னல் கெட்டு ஏ.பி.எஸ். தன்னை அணைத்துக்கொள்ளலாம். தனி ஹால் சென்சார் வைப்பது நல்லது. காரின் கேன் லைனில் (காருக்குள் இருக்கும் கணினிகள் தகவல் பரிமாறும் ஒயர்) சக்கர வேகம் வருகிறது என்றால் எம்சிபி2515 சிப்பைக் கேட்க மட்டும் செய்யும் மோடில் வைத்துப் படிப்பது அதைவிட நல்லது. மின்னணுப் பொருள் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் வேண்டியது எல்லாம் கிடைக்கும்.

அப்புறம் வளைவு. வளையும்போது பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிப் போகும், முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓடும். பின்பக்கம் 5 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், 2.4 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள காரின் முன்பக்கம் சுமார் 5.55 மீட்டர் ஆரத்தில் போகும். துளிகூட வழுக்காமலே 11 சதவீத வித்தியாசம்! முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிடும் உங்கள் பெட்டி அதை வழுக்கல் என்று நினைத்து இன்ஜினை அடக்கிவிடும். பின் இடது, பின் வலது வேகங்களின் வித்தியாசத்திலிருந்து வளைவைக் கணக்கிட்டு அந்த அளவைக் கழிக்க வேண்டும்.

துண்டிப்பதைப் பற்றி. ஸ்பார்க்கை மட்டும் துண்டித்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அது உருகிப் போகும் அளவுக்குச் சூடாகலாம். இன்ஜெக்டரை, ஒரு முழுத் தெளிப்பையும் விட்டுவிடும்படி, சிலிண்டர் மாற்றி மாற்றித் துண்டிப்பதே மேல். அப்போதும் ஆக்ஸிஜன் சென்சார் குழம்பி செக் இன்ஜின் விளக்கு எரியலாம். ஒரே நிபந்தனையை மட்டும் தளர்த்தாதீர்கள்: மென்பொருளைச் சாராத ஒரு டைமர், எது நடந்தாலும் கால் நொடிக்குள் இன்ஜினைத் திருப்பித் தர வேண்டும். ஓசூர் ரோட்டில் லாரிக்கு முன்னால் குறுக்கே திரும்பும்போது ஆர்டுயினோ ஹேங் ஆகி இன்ஜின் நின்றால் உயிர் போகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். அதனால் துண்டிக்கும் பகுதியைப் பொதுச் சாலையில் ஓடும் காரில் பொருத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

அளக்கும் பகுதியை மட்டும் தாராளமாகச் செய்யுங்கள். நான்கு சக்கர வேகத்தையும் எஸ்.டி. கார்டில் பதிவுசெய்து, அதே சரிவில் காய்ந்த நாளிலும் மழை நாளிலும் ஏறிப் பாருங்கள். மழை நாளில் முன்சக்கரம் இரண்டின் வேகமும் சேர்ந்து எகிறினால் டயரைப் பாருங்கள்: பக்கவாட்டில் டாட் குறியீட்டின் கடைசி நாலு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். ரப்பர் இறுகியிருந்தாலோ பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள், சட்டம் 1.6 வரை விட்டாலும். ஒன்று மட்டும் எகிறினால் அந்தப் பக்கத் தரையில்தான் கோளாறு. அசோசியேஷனிடம் சொல்லிப் பாசியைத் தேய்த்துக் கழுவி, சிமென்டில் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள்.