இயற்கை கேள்வி–பதில்: சுங்கை பூலோவின் வலசைப் பறவைகள்

கேள்வி: வலசைப் பறவைகள் வடக்கே திரும்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிறு காலை 7 மணிக்கே குடும்பத்தோடு சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனோம். குளங்கள் காலி. தூரத்துச் சேற்றில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்ததோடு சரி. எப்போது போக வேண்டும்?
– ஈசூன் வாசகி

பதில்: கடிகாரத்தை விடுங்கள், கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். நீங்கள் போனபோது கடல் வற்றியிருக்கும். அப்போது ஜொகூர் நீரிணையோரச் சேறு வெளியே தெரியும். புழுவும் நண்டும் தேடிப் பறவைகள் அங்கே சிதறிவிடும். சேறு மூழ்கியதும் நிற்க இடமின்றிக் கூட்டமாகக் காப்பகத்துக் குளங்களில் வந்து இறங்கும். அவை முன்பு இறால் வளர்த்த குளங்கள். மதகு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், வெளியே கடல் ஏறினாலும் உள்ளே மண்திட்டுகள் மூழ்குவதில்லை.

உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, பறவை பார்ப்பதற்கான மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம். பகலில் உச்ச ஏற்றம் வரும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

தொலைநோக்கி 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ளதாக இருக்கட்டும். 12 மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் 12 மடங்காகத் தெரியும்.

பவளக்காலி, பச்சைக்காலி என்னும் இரு கரைப்பறவைகளைக் காலின் நிறத்தை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். சேறு பூசியிருந்தால் ஏமாந்துவிடுவோம். பறக்கும்போது பாருங்கள். சிறகின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை இருந்தால் பவளக்காலி. சிறகில் வெள்ளையே இல்லாமல், முதுகில் ஆப்பு வடிவில் வெள்ளை ஏறியிருந்தால் பச்சைக்காலி. உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவைகளில் பசிபிக் பொன்னிற வகையை இந்தப் பருவத்தில் தவறவே விடாதீர்கள். அக்டோபரில் மங்கிய பழுப்பாக இருந்த அதே பறவை, இப்போது முகம் முதல் வயிறு வரை கறுத்து, முதுகில் பொன் பொட்டுகளோடு நிற்கும்.

படம் எடுப்பதற்காக அவற்றைக் கிளப்பிவிட வேண்டாம். நெடும்பயணத்துக்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரம் இது. ஒவ்வொரு முறை பதறிப் பறக்கும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது.

கேள்வி: அதே பருவத்தில் பார்க்கத் தக்க காட்டுப்பூ உண்டா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: புறா ஆர்க்கிட். சாலையோரத்து முதிய மழைமரங்களின் கவட்டைகளில் தொற்றி வளரும். மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். இடிமழையால் வெப்பம் சட்டென்று 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் மீண்டும் வளரத் தொடங்கி, ஏறக்குறைய 9ஆம் நாள் விரியும். தூறலுக்கு மசியாது. ஏப்ரலின் பிற்பகல் இடிமழை இதற்கு நல்ல வாய்ப்பு. பெருமழை பெய்த தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். 8ஆம் நாளே மொட்டு பருத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மரத்தில் பூத்திருந்தால், அதே மழை பெய்த வட்டாரத்து மற்ற மரங்களிலும் அன்றே பூத்திருக்கும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், நல்ல மணம். ஒரே நாள்தான் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மாலைக்குள் வாடத் தொடங்கிவிடும்.