பெருந்தமனி வீக்கத்தால் ரத்தம் கசியும் என் தந்தைக்கு, ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் ஊசியையே போடச் சொல்கிறார்கள். இது சரிதானா?

உங்கள் தந்தைக்கு ஈறில் ரத்தம் கசிகிறது, ரத்தத் தட்டணுக்களான பிளேட்லெட் குறைந்திருக்கிறது, அப்படிப்பட்டவருக்கு ஹெப்பாரினா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனை நடைபாதையில் நின்று நானும் இதே கேள்வியைச் சற்றுக் கோபமாகவே கேட்டேன். நான் மருத்துவன் அல்லன். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன் என்ற முறையில், எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எழுபத்தோரு வயதில் அப்பா ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் பார்த்தபோது தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் படிந்திருந்தது. வாயில் வைத்திருந்த பஞ்சு ஊறிப்போயிருந்தது. பிளேட்லெட் 62,000 என்றதும், காய்ச்சலே இல்லாத மனிதருக்கு டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். உறவினர்கள் பப்பாளி இலைச் சாற்றோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துத்தான், ரத்தநோய் மருத்துவர் ஒருவர், ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் அளவையும், ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமரையும் பார்க்கச் சொன்னார். 200-க்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஃபைப்ரினோஜன் 90 மில்லிகிராமில் நின்றது. டி-டைமரோ பல மடங்கு ஏறியிருந்தது. இரண்டையும் பார்த்தவர் அப்பாவைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். சிறுநீரகங்களுக்குக் கீழே அயோர்ட்டா, அதாவது பெருந்தமனி, 6.4 சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது.

அவர் விளக்கியது இதுதான்: வீங்கிய பைக்குள் ரத்தம் சுழன்று, அதன் சுவரில் ஓயாமல் உறைந்துகொண்டும் கரைந்துகொண்டும் இருக்கிறது, உறைவதற்கான சரக்கெல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால், பல் பிடுங்கிய குழியை அடைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ரத்தக்குழாய்களுக்குள்ளேயே ரத்தம் உறைந்து சரக்கு தீர்ந்துபோகும் இதை நாட்பட்ட டி.ஐ.சி. என்கிறார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பா மட்டும், தலைமடையில் உடைப்பெடுத்தால் கடைமடை காயத்தானே செய்யும் என்று கேட்டார். மருத்துவர் ஆம் என்றார். ஹெப்பாரின் அந்த வீண் உறைதலைத் தடுப்பதால், சரக்கு மீண்டும் சேர்கிறது. பிளேட்லெட்டையும் பிளாஸ்மாவையும் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால், அவையும் அந்த உடைப்பு வழியாகவே போய்விடும். ரத்தப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் அறுவைக்கு முன்பும் ஏற்றுவது வேறு விஷயம்.

மூன்று வாரம் காலையும் மாலையும் நானே ஊசி போட்டேன். தொப்புளிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தவேண்டும். எடுத்தபின் தேய்க்கக்கூடாது, பஞ்சை வைத்து அழுத்தவேண்டும். முதல் நாள் பழக்கத்தில் தேய்த்துவிட்டேன். நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு பத்து நாள் கிடந்தது. ஹெப்பாரினே சிலருக்குத் தட்டணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், வாரத்துக்கு இருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆகவே, எல்லாருக்கும் ஹெப்பாரின் போடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவரவேண்டாம்; மூளையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறவருக்குக் கணக்கே வேறு. பல் ரத்தத்தை நிறுத்த முதலில் கொடுத்த டிரானெக்சாமிக் அமிலத்தையும் எங்கள் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். ரத்தக்கட்டி கரைவதை அது தடுத்துவிடுவதால், இந்நோயில் ஹெப்பாரின் இல்லாமல் அதைத் தனியே கொடுத்தால் வேறிடத்தில் அடைப்பு உண்டாகலாம் என்றார்.

ஊசி என்பது அறுவைக்கு நாள் வாங்கித் தருவதுதான். வீக்கத்தைச் சரிசெய்யாமல் இது தீராது. ஃபைப்ரினோஜன் 180-ஐத் தாண்டியபின், ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோபிரெசிபிடேட் பைகளைத் தயாராக வைத்துக்கொண்டு, தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் என்ற செயற்கைக் குழாயை அயோர்ட்டாவுக்குள் பொருத்தினார்கள். 1990-இல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குச் செய்துகாட்டிய வழி இது. பத்து நாளில் பிளேட்லெட் 1,40,000-க்கு வந்தது.

என் மனம் ஆறாதது வேறொன்றில். பல் பிடுங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, புராஸ்டேட்டுக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் ‘அயோர்ட்டா 4.1 செ.மீ. விரிந்துள்ளது’ என்று அச்சிட்டிருக்கிறது. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் புராஸ்டேட்டைப் பற்றி மட்டுமே பேசினார்; நாங்களும் அந்தத் தாளைப் பீரோவில் வைத்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் பழைய அறிக்கைகள் இருந்தால் கடைசி வரிவரை படியுங்கள். வீக்கம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று அறுவை மருத்துவர் கேட்பார்.

ஆறாம் மாத ஸ்கேனில், முதுகுப்பக்கச் சிறு தமனி ஒன்றின் வழியாகப் பழைய பைக்குள் ரத்தம் மெல்லக் கசிவது தெரிந்தது. பை பெரிதாகவில்லை, டி-டைமர்தான் முழுதாக இறங்கவில்லை. இப்போது அப்பாவுக்கு இன்னொரு கடைவாய்ப்பல் ஆடுகிறது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அதைத் தொடமாட்டேன் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டதால், நாக்கால் அதை ஆட்டிக்கொண்டே வயலுக்குப் போய்வருகிறார்.