கறுப்பினக் கல்லூரி மாணவர்களுக்கான நிகழ்ச்சிகளும் வாய்ப்புகளும்: எங்கே, எப்போது தேடுவது?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். என் ஊர் திருச்சி; கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். எங்கள் மகள் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் இரண்டாம் ஆண்டு தொடங்கவிருக்கிறாள். மகன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்காக இயங்கி வந்த பிரிவை மூடிவிட்டார்களாம். இனி அவளுக்குப் பயன்படும் நிகழ்ச்சிகளையும் உதவித்தொகைகளையும் கோடைக்கால வாய்ப்புகளையும் எங்கே தேடுவது? தாய் தமிழ்ப் பெண் என்பதால் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்ற தயக்கமும் அவளுக்கு இருக்கிறது.

பதில்: தயக்கத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அது தீராதவரை மற்ற ஆலோசனைகள் எதுவும் உங்கள் மகளுக்குப் பயன்படாது. அமெரிக்கக் கல்லூரிகளில் இயங்கும் கறுப்பின மாணவர் அமைப்புகள் உறுப்பினராக வருபவரிடம் பெற்றோர் இருவரின் பூர்விகத்தையும் விசாரிப்பதில்லை. பெரும்பாலான அமைப்புகளில் எந்த இனத்தவரும் உறுப்பினராகலாம். சென்னையைப் பூர்விகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ், கறுப்பினக் கல்லூரிகளில் (கறுப்பின மாணவர்களுக்காக வரலாற்றில் உருவான கல்லூரிகள் இவை) முதன்மையான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து 1986இல் பட்டம் பெற்றார். அங்கேயே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மாணவியர் சங்கத்திலும் சேர்ந்தார். உங்கள் மகள் தயங்காமல் முதல் கூட்டத்துக்குப் போகலாம்.

அடுத்து, மூடப்பட்ட பிரிவைப் பற்றி. டெக்சாஸ் சட்டமன்றம் 2023இல் நிறைவேற்றிய எஸ்பி 17 என்ற சட்டம், 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்மைத்துவம், சமவாய்ப்பு ஆகியவற்றுக்கென்று தனி அலுவலகம் நடத்துவதையும் அதற்கு ஆட்களை நியமிப்பதையும் தடை செய்தது. அதன் விளைவாகப் பல வளாகங்களில் கலாசார மையங்கள் மூடப்பட்டன, அங்கே பணியாற்றிய ஆலோசகர்கள் வேறு துறைகளுக்கு மாற்றப்பட்டனர் அல்லது வேலையிழந்தனர். மாணவர்களுக்கு இது உண்மையான இழப்பு. வாரம் ஒருமுறை கதவைத் தட்டி எதைப் பற்றியும் கேட்கக்கூடிய ஒரு மனிதர் இல்லாமல் போவதை எந்த இணையப் பட்டியலும் ஈடு செய்யாது. ஆனால் அதே சட்டம் பாடம் கற்பித்தல், ஆராய்ச்சி, குறுகிய கால விருந்தினர் உரைகள், பதிவு பெற்ற மாணவர் அமைப்புகளின் செயல்பாடுகள் ஆகியவற்றுக்கு வெளிப்படையாக விலக்கு அளித்திருக்கிறது. எனவே அலுவலகங்கள் நடத்தி வந்த நிகழ்ச்சிகளில் கணிசமானவை இப்போது மாணவர் அமைப்புகளின் கைக்கும், வளாகத்துக்கு வெளியே பழைய மாணவர் சங்கங்களின் கைக்கும் போயிருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ நாட்காட்டியில் மட்டும் தேடினால் அவை கண்ணில் படாமல் போகலாம். பதிவு பெற்ற மாணவர் அமைப்புகளின் பட்டியலைத் திறந்து, தன் துறை சார்ந்த கறுப்பின மாணவர் அமைப்பின் கிளை, கறுப்பின மாணவர் ஒன்றியம், கறுப்பினப் பழைய மாணவர் சங்கம் ஆகிய மூன்றின் மின்னஞ்சல் பட்டியலிலும் பெயரைச் சேர்ப்பதே உங்கள் மகள் ஆகஸ்டில் செய்ய வேண்டிய முதல் வேலை.

அவருடைய துறைக்கு இரண்டு அமைப்புகள் முக்கியமானவை. ஒன்று, மாணவர்கள் ‘நெஸ்பி’ என்று அழைக்கும் தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம். பர்டியூ பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுச் செல்வதைத் தடுக்க 1971இல் இரண்டு மாணவர்கள் தொடங்கிய சிறு குழு, 1975இல் தேசிய அமைப்பாக வளர்ந்தது. அந்தத் தொடக்கத்தின் அடையாளம் இன்றும் அதன் கிளைகளில் இருக்கிறது. நல்ல கிளை ஒன்றில் விருந்துகளைவிடக் குழுவாகப் படிக்கும் மாலைகள்தான் அதிகம், பொருள் சமநிலைக் கணக்குகளிலும் வெப்ப இயக்கவியலிலும் திணறும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு மூன்றாம் ஆண்டு மாணவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். இரண்டாவது, ‘நோபிஷே’ என்று அழைக்கப்படும், கறுப்பின வேதியியலாளர்களுக்கும் வேதிப்பொறியாளர்களுக்குமான தேசிய அமைப்பு. 1970களின் தொடக்கத்தில் உருவானது. நெஸ்பி பெரியது, வேலைவாய்ப்புக்கு வலிமையானது. நோபிஷே சிறியது, ஆய்வுப் படிப்பை நோக்கிப் போகிறவருக்கு நெருக்கமானது. உங்கள் மகள் எந்தப் பக்கம் போவார் என்று இப்போதே தெரியத் தேவையில்லை, இரண்டிலும் இருக்கலாம்.

நெஸ்பியின் தேசிய மாநாடு வழக்கமாக வசந்த காலத்தில், பெரும்பாலும் மார்ச் மாதத்தை ஒட்டி நடக்கும். ஃபால் எனப்படும் இலையுதிர்காலப் பருவத்தில் மண்டல மாநாடுகள் உண்டு. முதன்முறை போகிற மாணவர்கள் இதைக் கருத்தரங்கம் என்று நினைத்துக் குறிப்பேட்டோடு போகிறார்கள். உண்மையில் அதன் மையம் வேலைவாய்ப்பு முகாம். பெரிய அரங்கம் முழுவதும் நிறுவனங்களின் மேசைகள். ஒவ்வொன்றின் முன்னும் வரிசை. மேசையை அடைந்ததும் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் பெயர், துறை, ஆண்டு, எந்தக் கோடையில் இன்டர்ன்ஷிப் தேவை, இதுவரை செய்த ஒரே ஒரு வேலையைப் பற்றிய தெளிவான வாக்கியம் ஆகியவற்றைச் சொல்லி முடிக்க வேண்டும். ‘வடிகட்டிப் படுகையில் அழுத்த வேறுபாட்டை அளந்து, வழிமுறையை மாற்றி எழுதினேன்’ என்று சொல்லும் மாணவியை மேசைக்குப் பின்னால் இருக்கும் பொறியாளர் நிமிர்ந்து பார்ப்பார். ‘எனக்கு வேதிப்பொறியியலில் மிகுந்த ஆர்வம்’ என்று சொல்பவரின் தாளை வாங்கி அடுக்கில் வைப்பார். சில நிறுவனங்கள் அன்று மாலையோ மறுநாளோ அங்கேயே நேர்காணலும் நடத்துகின்றன. ஆனால் அந்த நேர்காணல் இடங்களில் ஒரு பகுதி மாநாட்டுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. பதிவு செய்யும்போது ஏற்றும் சுயவிவரக் குறிப்பைப் பார்த்தே நிறுவனங்கள் ஆட்களை அழைக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே மார்ச் மாநாட்டுக்கான சுயவிவரக் குறிப்பு நவம்பரில் தயாராக இருக்க வேண்டும், கிளையிலுள்ள மூத்த மாணவர் ஒருவரும் பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்தில் ஒருவரும் அதைப் படித்துத் திருத்தியிருக்க வேண்டும்.

செலவு உங்களைத் தயங்க வைக்கலாம். மாநாட்டுக் கட்டணம், விமானம், விடுதி எல்லாவற்றையும் குடும்பமே ஏற்க வேண்டும் என்பதில்லை. மாணவர் பேரவையின் பயண நிதி, பொறியியல் கல்லூரி டீன் அலுவலகம், வேதிப்பொறியியல் துறை, கிளைக்கு நன்கொடை தரும் நிறுவனம் ஆகிய நான்கு வாசல்கள் பெரும்பாலான வளாகங்களில் உண்டு. கேட்கும் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது: மாநாட்டின் பெயரும் தேதியும், அங்கே தான் செய்யப்போவது என்ன, அறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள், மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கேட்கும் தொகை எவ்வளவு, திரும்பி வந்ததும் துறையின் இளைய மாணவர்களுக்குத் தான் எடுக்கப்போகும் வகுப்பு. இந்தக் கடைசி வரி இருந்தால் டீன் அலுவலகம் மறுப்பது கடினம். பயண நிதிக்கான கெடு பெரும்பாலும் ஃபால் பருவத்திலேயே முடிந்துவிடும் என்பதால், ஜனவரியில் கேட்பது காலம் கடந்து கேட்பதே.

கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்புகளுக்கும் இதே காலக்கணக்குதான். தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில் நடக்கும் ‘ஆர்இயூ’ எனப்படும் திட்டங்களில், இளநிலை மாணவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் ஏறத்தாழ பத்து வாரம் உதவித்தொகையுடன் பணியாற்றலாம். அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் விண்ணப்பிக்கலாம். நடத்தும் இடங்களின் எண்ணிக்கை அரசின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து மாறும் என்பதால், ஒன்றிரண்டுக்கு மட்டும் விண்ணப்பித்துக் காத்திருக்கக் கூடாது. 1992இல் தொடங்கிய லீடர்ஷிப் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பில் ஒரே விண்ணப்பத்தில் பல பல்கலைக்கழகங்களைத் தேர்வு செய்யலாம். நேரம் குறைவாக உள்ள மாணவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெரும்பாலான கெடுக்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வரும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர்களிடம் நவம்பரிலேயே கேட்க வேண்டும், குளிர்கால விடுமுறையில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

மேற்படிப்பில் நாட்டம் இருந்தால் இரண்டு பெயர்களை இப்போதே குறித்துக்கொள்ளலாம். ரொனால்ட் மெக்னேர் பெயரிலான திட்டம் இளநிலை மாணவர்களை முனைவர் பட்டத்துக்குத் தயார்ப்படுத்தும் கூட்டாட்சித் திட்டம். கறுப்பினக் கல்லூரியான நார்த் கரோலினா ஏ அண்ட் டி-யில் இயற்பியல் படித்து, எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்று, 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்த விண்வெளி வீரர் அவர். குறைந்த வருமானமுள்ள, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களே அதில் பெரும்பான்மை. மேற்படிப்பில் குறைவாக இடம்பெற்றுள்ள சமூகத்தினருக்கும் சில இடங்கள் இருந்து வந்தன. உங்கள் பல்கலைக்கழகத்தில் அத்திட்டம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். மற்றொன்று 1976இல் தொடங்கிய ஜெம் கூட்டமைப்பின் ஃபெலோஷிப். பொறியியல் முதுநிலைக் கட்டணத்தையும் ஊதியத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப்பையும் இணைத்துத் தருவது. மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம், அதாவது உங்கள் மகளுக்கு அடுத்த ஆண்டு.

உதவித்தொகை விண்ணப்பங்களில் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியது என்றாலும், அதன்பின் பல உதவித்தொகைகள் தங்கள் தகுதி வரிகளை மாற்றி எழுதியிருக்கின்றன. முன்பு ‘கறுப்பின மாணவர்களுக்கு’ என்றிருந்த இடத்தில் இப்போது ‘பொறியியலில் சமவாய்ப்பை வளர்க்கும் மாணவர்களுக்கு’ போன்ற தொடர் இருக்கக்கூடும். அந்தச் சொல் காணப்படவில்லை என்று உங்கள் மகள் அந்தப் பக்கத்தை மூடிவிடக் கூடாது. தன் வாழ்க்கையில் இனம் ஏற்படுத்திய தாக்கத்தை மாணவர் கட்டுரையில் எழுதுவதையும், அதைக் கல்லூரி கருத்தில் கொள்வதையும் அதே தீர்ப்பு தடை செய்யவில்லை. இரண்டு வீடுகளின் பின்னணியில் வளர்ந்தவருக்கு எழுத நிறைய இருக்கும். பொதுவான பெருமிதத்தை எழுதாமல், ஒரு சம்பவத்தையும் அதன்பின் தான் எடுத்த ஒரு முடிவையும் எழுதட்டும். கறுப்பினக் கல்லூரிகளுக்கு உதவ 1944இல் தொடங்கிய யூஎன்சிஎஃப் நிதியத்தின் தளத்தில், கறுப்பினக் கல்லூரிகளில் படிக்காதவர்களுக்கும் திறந்திருக்கும் உதவித்தொகைகள் பல உள்ளன. இவற்றில் பல, கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பத்தின் விவரங்களைக் கேட்கும் என்பதால், அக்டோபரில் அது திறந்ததும் நிரப்பிவிடுங்கள்.

வேலையையும் படிப்பையும் சாராத நிகழ்ச்சிகளும் அவருக்குத் தேவை. நான்கு ஆண்டுகளைத் தாங்கிப்பிடிப்பது நட்புதான். ஹூஸ்டனில் இருப்பதால் அதிருஷ்டசாலிகள் நீங்கள். நகருக்குள்ளேயே டெக்சாஸ் சதர்ன், வடமேற்கே சற்றுத் தொலைவில் 1876இல் தோன்றிய பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் என இரண்டு கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் பக்கத்தில் உள்ளன. இவ்விரு அணிகளும் மோதும் லேபர் டே கிளாசிக் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டி பருவத் தொடக்கத்தில் வரும்; இடைவேளையில் இரு பல்கலைக்கழகங்களின் இசைக்குழுக்களும் களமிறங்குவதைக் காணவே கூட்டம் திரளும். பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் வாரம் இலையுதிர்காலத்தில். பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம். இது முழு மாதமாக முதலில் கொண்டாடப்பட்டதே ஒரு வளாகத்தில்தான், 1970இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். அந்த மாதத்தில் வரும் விருந்தினர் உரைகளுக்கு உங்கள் மகள் போனால், உரை முடிந்ததும் மேடையருகே சென்று ஒரு கேள்வி கேட்கட்டும். பல தொழில்முறை உறவுகள் அங்கே தொடங்குகின்றன.

‘டிவைன் நைன்’ எனப்படும் ஒன்பது கறுப்பின மாணவ, மாணவியர் சங்கங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அழைப்பு வந்தால் குடும்பத்தில் பேச்சு எழும். வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பிணைப்பு, சமூகப் பணி, பல நகரங்களில் உதவும் மூத்தோர் என்று அவை தருவது அதிகம். கட்டணமும் நேரமும் அதற்கேற்ப அதிகம், மதிப்பெண் வரம்பும் உண்டு. புதிய உறுப்பினரைத் துன்புறுத்துவது டெக்சாஸில் குற்றம். 2024 இறுதியில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி பல்கலைக்கழகங்கள் அத்தகைய சம்பவங்களை வெளியிட வேண்டும். சேர்வதற்கு முன் அந்த அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு அவசரம் கூடுதல். ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளை, ரான் பிரவுன் திட்டம் போன்ற பெயர்பெற்ற உதவித்தொகைகள் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டுமே; கல்லூரியில் நுழைந்தபின் அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. ரான் பிரவுன் திட்டத்தின் கெடு வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. அவருடைய ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்தைச் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.