ஏணியும் சாந்துச்சட்டியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரை ஒன்றில் தத்துவவாதி விட்கென்ஸ்டைன் பெயரைப் பார்த்துவிட்டு அவருடைய முதல் நூலான 'டிராக்டேடஸ்' ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். சின்னப் புத்தகம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதமாகிறது. 1, 1.1, 1.11 என்று எண் போட்ட ஒற்றை வரிகள். ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. கடைசி வாக்கியம் மட்டும் பிடித்துப்போய் வாட்ஸாப் ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறேன்: 'எதைப் பற்றிப் பேச முடியாதோ அதைப் பற்றி மௌனமாக இருக்க வேண்டும்.' நம்முடைய 'சும்மா இரு சொல் அற' என்பதும் இதுவும் ஒன்றுதானே? தத்துவம் படித்த நண்பர் ஒருவர், "அந்தப் புத்தகம் தப்பு என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார், ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்" என்கிறார். அப்படியென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஓர் ஆறுதல். அந்த முதல் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர் நீங்கள் மட்டும் இல்லை. நவீன தர்க்கவியலுக்கு அடித்தளம் போட்ட கோட்லோப் ஃப்ரேகேவுக்கு விட்கென்ஸ்டைன் அதன் பிரதியை அனுப்பியிருந்தார். 1919-ல் ஃப்ரேகே எழுதிய பதிலைப் படித்தால் சிரிப்பு வரும். தொடக்க வரிகளிலேயே நின்றுவிட்டார். இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்றா வேறா, வேறு என்றால் எப்படி வேறு என்று கேள்விகளை அடுக்குகிறார். இத்தனைக்கும் ஃப்ரேகேவின் படைப்புகளுக்குத் தான் கடன்பட்டவன் என்று முன்னுரையிலேயே சொல்லும் புத்தகம் அது.

விளக்கம் இல்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் விளக்கம் எங்கே போயிற்று என்பதற்குக் கதை உண்டு. முதல் உலகப்போரில் ஆஸ்திரிய ராணுவத்தில் தானாகச் சேர்ந்தவர் விட்கென்ஸ்டைன். போர்முனையிலும் நோட்டுப்புத்தகங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். வலதுபக்கத்தில் தர்க்கம். இடதுபக்கத்தில் அந்தரங்கம்: பயம், காமம், பிரார்த்தனை எல்லாம், அகரவரிசையைத் தலைகீழாக்கிய ஒரு சங்கேதத்தில். 1918 கோடையில் விடுப்பில் இருந்தபோது அந்தக் குறிப்புகளிலிருந்து வடிகட்டி எடுத்ததுதான் டிராக்டேடஸ். வடிகட்டியபோது உதாரணங்கள் பெரும்பாலும் நோட்டிலேயே தங்கிவிட்டன.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். 1914 செப்டம்பர் குறிப்பு அது. பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் கார் விபத்து எப்படி நடந்தது என்று பொம்மைகளை வைத்துக் காட்டுகிறார்கள். இந்தப் பொம்மை இந்தக் கார், அந்தப் பொம்மை அந்த ஆள். பொம்மைகள் ஒன்றுக்கொன்று நிற்கும் விதம், விபத்தில் அவர்கள் நின்ற விதத்தைக் காட்டுகிறது. ஒரு வாக்கியமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார் விட்கென்ஸ்டைன். வாக்கியம் உலகின் ஒரு நிலைமையைப் படம்போல முன்வைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு 2.1-லிருந்து திரும்பப் படித்துப் பாருங்கள். வழி கொஞ்சம் திறக்கும்.

உங்கள் ஸ்டேட்டஸ் வரிக்கும் இதுதான் சாவி. விபத்து எப்படி நடந்தது என்று பொம்மையை வைத்துக் காட்டலாம். அந்த ஓட்டுநர் செய்தது அநியாயம் என்பதைக் காட்ட எந்தப் பொம்மையை எங்கே வைப்பது? வைக்க முடியாது. அநியாயம் என்பது மேஜைமேல் இன்னொரு பொருள் அல்ல. ஆகவே அது வாக்கியத்துக்குள் வராது. இதிலிருந்து, சொல்ல முடியாததெல்லாம் வெற்று உளறல் என்று வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவினர் பலர் எடுத்துக்கொண்டார்கள். விட்கென்ஸ்டைன் நினைத்தது நேரெதிர். லுட்விக் ஃபான் ஃபிக்கர் என்ற பத்திரிகையாசிரியருக்கு 1919-ல் எழுதிய கடிதத்தில், தன் நூலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு, ஒன்று எழுதியது, இன்னொன்று எழுதாதது, முக்கியமானது அந்த இரண்டாவதுதான் என்றார். (ஃபிக்கர் அதற்கெல்லாம் மயங்கி நூலை வெளியிட்டுவிடவில்லை.) வியன்னா வட்டத்தினர் தர்க்கம் பேசலாம் என்று அவரை அழைத்தால், சில சந்திப்புகளில் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தாகூர் கவிதைகளை வாசித்தாராம். தாகூரின் 'இருட்டறை ராஜா' நாடகத்தின் ஒரு பகுதியைப் பின்னாளில் ஒரு நண்பரோடு சேர்ந்து தன் நடையில் ஆங்கிலத்தில் திருப்பி எழுதியும் பார்த்திருக்கிறார். கண்ணுக்கே தெரியாத ராஜாவின் கதை அவரை இழுத்ததில் ஆச்சரியம் இல்லை.

அதனால் இது நம் 'சும்மா இரு'தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே சொல்பவன் முருகன். சொன்னதும் கேட்ட அருணகிரிநாதருக்கு ஏதோ நடக்கிறது, வேறு பொருள் ஒன்றும் தெரியாமல் போகிறது. இங்கே குருவும் இல்லை, அருளும் இல்லை. வாக்கியம் எதுவரை செல்லும் என்று உள்ளிருந்தே அளந்துகொண்டு போய், அளவு முடிந்த இடத்தில் நிற்கிறார். அதற்குச் சற்று முன்புதான், என் வாக்கியங்களும் அர்த்தமற்றவையே, ஏறியபின் ஏணியைத் தள்ளிவிடுங்கள் என்கிறார். ஒப்பிடக்கூடாது என்றில்லை, ஏணியில் ஏறிவிட்டு ஒப்பிடுங்கள். கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்வது ஏணியின் உச்சிப்படியைக் கழற்றிச் சுவரில் மாட்டுவது மாதிரி. ஃப்ராங்க் ராம்சே, புத்தகத்தை இருபது வயதுக்குள் ஆங்கிலமாக்கிய மேதை, பிற்பாடு ஒரு வரி எழுதினார்: சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது, சீழ்க்கையடித்தும் காட்ட முடியாது. விட்கென்ஸ்டைன் சீழ்க்கையில் முழு இசைக்கோவைகளையே அடிப்பவர்.

நண்பர் சொன்னது பாதி சரி. பிற்கால நூலான 'தத்துவ ஆய்வுகள்' (Philosophical Investigations) முன்னுரையில், முதல் நூலில் பெரும் பிழைகள் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று என்கிறார். ஆனால் அதே இடத்தில், பழைய சிந்தனையின் பின்னணியில் வைத்தால்தான் புதியது சரியாகத் தெரியும், இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறார். நண்பர் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? 'தத்துவ ஆய்வுகள்' முதல் பத்தியிலிருந்து. டிராக்டேடஸ் ஆறு மாதம் அலமாரியில் இருக்கட்டும்.

1953-ல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து வந்த நூல் அது. முதல் பகுதியில் 693 குறிப்புகள். இதுவும் எண் போட்டதுதான், ஆனால் டிராக்டேடஸ் எண்கள் ஒரு மரத்தின் கிளைகள் என்றால் இவை தெருவில் வீட்டுக்கதவு எண்கள். அவர் எழுதிய விதம் அப்படி. தினக்குறிப்பு, அதிலிருந்து தேர்ந்தெடுத்த பிரதி, அப்புறம் தட்டச்சு, அதைக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டி மறுபடி அடுக்குவது. அப்படி வெட்டிப் பெட்டியில் போட்டுவைத்திருந்த துண்டுகளே பிறகு 1967-ல் தனிப் புத்தகமாக வந்தன. ஏறக்குறைய 20,000 பக்கம் விட்டுச்சென்றார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட புத்தகங்கள் இரண்டே: டிராக்டேடஸ், அப்புறம் கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த காலத்தில் பிள்ளைகளுக்காகத் தொகுத்த 1926-ஆம் வருடத்துச் சிறிய அகராதி. அந்த வாத்தியாரைப் பற்றிப் புனிதக் கதைகள் சொல்கிறார்கள். அதே வருடம் ஒரு பையனை அவர் அடித்து, அவன் மயங்கி விழுந்தபின் வேலையை விட்டுப் போனார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவரே வெளியிட்டவை இரண்டுதான் என்பதால், அவர் பெயரில் கடையில் கிடைக்கும் மற்ற நூல்களில் பெரும்பாலானவை பிறர் தேர்ந்து தொகுத்தவை. எதை எடுத்தாலும் தொகுப்பாளர் முன்னுரையை முதலில் படியுங்கள்.

'ஆய்வுகள்' வாக்கியங்கள் எளிமையானவை. அதுதான் ஆபத்து. உள்ளே இரண்டு குரல் பேசுகிறது. ஒரு குரல் ஆசைப்பட்டு ஏதோ சொல்லும், மற்றது மடக்கும். நடுவில் ஒரு நீள்கோடு மட்டும் இருக்கும், சிலசமயம் மேற்கோள்குறி. கோட்டைக் கவனிக்காமல் வேகமாகப் போனால் அவர் மறுக்கும் கருத்தையே அவர் கருத்தாக மேற்கோள் காட்டுவீர்கள். நானும் ஒருமுறை மேடையில் அப்படிக் காட்டி, கேள்வி நேரத்தில் மாட்டியிருக்கிறேன். நிறுத்தற்குறிகளை இவ்வளவு போடுவதே வாசிப்பு வேகத்தைக் குறைக்கத்தான், என்னை மெதுவாகப் படிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பில் அவரே சொல்கிறார். 43-ஆம் பத்தியைப் பாருங்கள். 'சொல்லின் பொருள் என்பது அதன் பயன்பாடு' என்று எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி. அவர் எழுதியது, பொருள் என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் ஏராளமான இடங்களில், எல்லா இடங்களிலும் இல்லையென்றாலும், இப்படி விளக்கலாம் என்பது. அந்த 'எல்லா இடங்களிலும் இல்லையென்றாலும்' எங்கோ காணாமல் போய்விட்டது.

இன்னொன்று, தமிழில் யோசித்துக்கொண்டே படியுங்கள். வலியைப் பற்றி 240-களிலிருந்து நீண்ட பகுதி ஒன்று வரும். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வலியை ஒருவர் 'வைத்திருக்கிறார்', பணம் வைத்திருப்பதுபோல. அதனால் என் வலி என் பெட்டிக்குள் இருக்கிறது, பிறர் எட்டிப் பார்க்க முடியாது என்ற படம் எளிதாக மனதில் விழுகிறது. அந்தப் பெட்டியை அவர் கொட்டிக் கவிழ்க்கிறார். நமக்கு 'வலிக்கிறது', அது வினைச்சொல், உடைமை அல்ல. ஆகவே நாம் தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன் கொஞ்ச நாள். பிறகுதான் உறைத்தது, நமக்கு வலி 'வருகிறது', 'போகிறது', விருந்தாளி மாதிரி. நம் மொழியும் தனக்கென்று ஒரு படம் வைத்திருக்கிறது.

தொடக்கப் பயிற்சியாக 2-ஆம் பத்தியும் 19-ஆம் பத்தியும். அவர் ஒரு கட்டடவேலையைச் சொல்கிறார். நான்கே சொல் உள்ள மொழி. மேஸ்திரி ஒரு கல்லின் பெயரைச் சொல்வார், உதவியாள் அதை எடுத்துக் கொடுப்பார். நம் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்: சாரத்தில் நிற்கும் கொத்தனார் "சட்டி" என்கிறார், சித்தாள் சாந்துச்சட்டியைத் தூக்கிக் கொடுக்கிறார். 'சட்டி' என்பது 'அந்தச் சட்டியை எடுத்துக் கொடு' என்பதன் சுருக்கம் என்று உடனே சொல்வீர்கள். விட்கென்ஸ்டைன் கேட்பது, ஏன் அதைத் திருப்பிப்போட்டு, 'சட்டியை எடுத்துக் கொடு' என்பது 'சட்டி' என்பதன் நீட்டல் என்று சொல்லக்கூடாது? கொத்தனார் நீள வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டா குட்டையாகக் கூப்பிட்டார்?

20-ஆம் பத்தியைப் படிப்பதற்கு முன் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். படித்தபின் அடித்துத் திருத்த வேண்டாம், அப்படியே எனக்கு அனுப்புங்கள்.