அகலத்தை மாற்றினால் துளை நகரவில்லையே!

கேள்வி: கப்பலூர் பட்டறைக்காக ஃப்ரீகேட் (கணினி வரைபட மென்பொருள்) கொண்டு 120×80 மி.மீ. தகடு, மூலைக்கொரு துளையாக வரைந்தேன். அகலத்தை மாற்றினால் துளைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனவே? – வாசகர், திருமங்கலம்

பதில்: துளைகளைத் தகட்டோடு பிணைக்கவில்லை, அதுதான் கோளாறு. செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டையும், கடைசியாக வரைதளத்தின் மையப்புள்ளியையும் (இரு அச்சுகளும் வெட்டுமிடம்) தேர்ந்தெடுத்து ‘சிமெட்ரிக்’ (சமச்சீர்) கொடுங்கள். உள்ளே, தகட்டின் வடிவத்தில் சேராத துணைக்கோடுகளாலான ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் செவ்வகம் வரைந்து அதற்கும் அப்படியே. துளை மையங்களை அதன் மூலைகளில் ‘கோயின்சிடென்ட்’ (ஒரே புள்ளியில் பொருந்துவது) ஆக்குங்கள். நான்கு துளைகளுக்கும் ‘ஈக்வல்’ (சம அளவு) கொடுத்தால், விட்டம் ஒன்றுக்கு மட்டும் போதும். வெளிச் செவ்வகத்துக்கு 120, 80. உள் மூலையிலிருந்து வெளி ஓரங்களுக்கு இரு திசையிலும் 10. எல்லாம் முழுதாகப் பிணைந்துவிட்டதன் அடையாளமாகக் கோடுகள் பச்சையாகும்.

பலரும் இங்கேதான் தவறுவார்கள்: துளை இடைவெளி 100 என்றும் சேர்ப்பார்கள். அது 120, 10 இரண்டிலிருந்தே கிடைத்துவிடுவதால் ‘ரிடண்டன்ட்’ (தேவையற்ற மிகை) என்று மென்பொருள் முரண்டு பிடிக்கும். அதை அழியுங்கள், அல்லது ‘ரெஃபரன்ஸ்’ அளவாக (வடிவத்தைக் கட்டுப்படுத்தாமல் காட்ட மட்டும் செய்யும் அளவு) மாற்றுங்கள்.