செயற்கைக் காலை நம்பி நிற்பது எப்படி? நடைப்பயிற்சி கேள்வி பதில்

செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழகுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, நடைப்பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

மதுரை (முழங்காலுக்குக் கீழ், கால் பொருத்தி 5 மாதம்): கால் சரியாகத்தான் இருக்கிறது. அதன்மேல் நிற்கத்தான் மனசு வரவில்லை. வாக்கரை விட்டால் விழுந்துவிடுவேனோ என்று பயம்.

மனசை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் காலில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று அளந்துவிடுங்கள். எடை பார்க்கும் மெஷினைச் செயற்கைக் காலுக்கு அடியிலும், அதே உயரமுள்ள பலகையை நல்ல காலுக்கு அடியிலும் வைத்து, சமையல் மேடையைப் பிடித்து நில்லுங்கள். உங்கள் எடை 60 கிலோ என்றால் மெஷின் 30 காட்ட வேண்டும். பயந்து நிற்பவருக்கு 15, 20-ஐத் தாண்டாது. எடையை மாற்றும்போது தோளைச் சாய்க்காதீர்கள், இடுப்பு நகர வேண்டும். தொப்புள் செயற்கைக் கால் பக்கம் போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். தோள் மட்டும் சாய்ந்தால் மெஷினில் எண் ஏறும், ஆனால் நடைக்கு உதவாது.

30 வந்து நிலைத்ததும் அடுத்த பயிற்சி. உட்காரும் மணைப்பலகையைச் சுவரோடு ஒட்டி, நழுவாமல் போடுங்கள். நல்ல காலைத் தூக்கி மணைமேல் வையுங்கள், 3 எண்ணுங்கள், இறக்குங்கள். 10 தடவை, 3 சுற்று. நல்ல கால் காற்றில் இருக்கும் அந்த நேரம் முழுக்க உடம்பைச் செயற்கைக் கால்தான் தாங்குகிறது. பயிற்சியின் உயிரே அந்த நேரம்தான் என்பதால், 'டொக்'கென்று வைத்து எடுத்துவிடாதீர்கள். உள்ளங்கை ஊன்றிச் செய்ய முடிந்தால் மறுவாரம் இரண்டு விரல், அதன்பின் ஒரு விரல், கடைசியில் கை மேடைக்கு மேலே தொடாமல் நிற்கட்டும். பிறகு மணைக்குப் பதில் 15 செ.மீ. படி. அதுவும் சுலபமானால் நல்ல காலுக்கு அடியில் டென்னிஸ் பந்தை வைத்து முன்னும் பின்னும் உருட்டுங்கள்.

காணொளிகளில் செயற்கைக் காலில் மட்டும் நின்று பந்து பிடிப்பதைப் பார்த்து அங்கிருந்து ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கடைசிப் பாடம்.

அதே அன்பர்: காலை நேரம் நன்றாக நடக்கிறேன். சாயங்காலம் கால் உள்ளே ஆடுகிறது.

பார்த்தீர்களா, பயத்துக்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது. பகல் ஏற ஏற ஸ்டம்ப் (எடுத்தது போக மீந்திருக்கும் கால் பகுதி) சுருங்கும். முதல் ஒன்று ஒன்றரை வருடம் மாதத்துக்கு மாதமும் சுருங்கும். ஸ்டம்ப் நுழையும் கூடான சாக்கெட் மட்டும் அதே அளவில் இருக்கும். ஸ்டம்ப் கீழே இறங்கிவிட்டால் முழங்கால் சிப்பியின் அடிமுனை அழுந்தி வலிக்கும், ஸ்டம்பின் நுனி இடிக்கும், கால் குட்டையானது போலத் தோன்றும். அப்போது ஸ்டம்பின்மேல் 1 பிளை சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போடுங்கள் (பிளை என்பது சாக்ஸின் தடிமன் அளவு). போதாவிட்டால் இன்னொன்று. எடுத்தவுடனே 5 பிளைக்குத் தாவினால் ஸ்டம்ப் சாக்கெட்டின் அடிவரை போகாது. கால் நீண்டது போல் இருக்கும், நுனி அந்தரத்தில் தொங்கி வீங்கும். சாக்ஸில் சுருக்கம் கூடாது, தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். வெளியே போகும்போது பையில் 1 பிளை இரண்டு, 3 பிளை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10, 12 பிளை போட்டால்தான் நிற்கிறது என்ற நிலை வந்தால் சாக்கெட்டையே மாற்றியாக வேண்டும். அதற்கு மேலும் சாக்ஸ் அடைத்துச் சமாளிக்காதீர்கள்.

ஈரோடு (முழங்காலுக்கு மேல்): திடீரென்று முட்டி மடிந்து விழுந்துவிடுகிறேன்.

செயற்கை முட்டிக்குத் தசை கிடையாது. அதை நிமிர்த்தி வைப்பது உங்கள் இடுப்புதான். குதிங்கால் தரையைத் தொட்டதும் பிட்டத்தை இறுக்கி, ஸ்டம்பை சாக்கெட்டின் பின்சுவரோடு அழுத்த வேண்டும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் 'பின்னால் அழுத்து' என்று சொல்லிக்கொண்டே பழகுங்கள். சில வாரங்களில் சொல்லாமலே வரும்.

அழுத்தியும் மடிந்தால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். குதி உயர்ந்த செருப்புக்கு மாறினீர்களா? குதி உயர்ந்தால் முட்டி முன்னால் தள்ளப்படும். அடுத்தது, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு முன்பக்கமாக இறுகிப் போயிருக்கலாம். இறுகிய இடுப்பால் பின்னால் அழுத்தவே முடியாது. தினம் இரண்டு வேளை, 20 நிமிடம் குப்புறப் படுங்கள். ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். இதெல்லாம் சரியாகும்வரை, மடியாமல் பூட்டிக்கொள்ளும் லாக் உள்ள முட்டியில் நடப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சேலம்: நடக்கும்போது உடம்பு செயற்கைக் கால் பக்கம் சாய்கிறது. கால் குட்டையாகச் செய்துவிட்டார்களா?

இருக்கலாம். இரண்டு இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேராக நின்று, பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மட்டம் சரி, சாக்கெட்டில் வலியும் இல்லை என்றால் இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருக்கிறது. நல்ல கால் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, ஸ்டம்பை மேலே தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். 10 தடவை, 3 சுற்று. தூக்கும்போது இடுப்பு பின்னால் உருண்டால் கணக்கில் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செயற்கைக் காலை எட்டி வைத்து, நல்ல காலைச் சின்னதாக, அவசரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறீர்களா? தரையில் 40 செ.மீ. இடைவெளியில் சாக்பீஸ் கோடு போட்டு நடந்து பாருங்கள். செயற்கைக் கால் அடியைக் குறைத்து, நல்ல கால் அடியை நீட்ட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

திருநெல்வேலி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரையால் வலது காலை எடுத்தார்கள். ஊன்றுகோல் எந்தக் கையில்?

இடது கையில். கோலும் செயற்கைக் காலும் சேர்ந்து முன்னால் போகட்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்துக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். அடி ரப்பர் புஷ் வழவழப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள், அது மலிவான சாமான்தான்.

அவருக்குத் தோல்தான் முக்கியம். காலைக் கழற்றியதும் கண்ணாடி பிடித்து ஸ்டம்பின் அடிப்பக்கம் பாருங்கள். சிவப்பு 15, 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்குக் கால் போட வேண்டாம், கால் செய்து தந்தவரிடம் காட்டுங்கள். இருக்கிற நல்ல பாதத்தையும் தினம் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் செயற்கைக் கால் போடட்டும், தோல் தாங்கினால் அரை மணி அரை மணியாகக் கூட்டுங்கள்.

சென்னை: ஷூ போட்டால் நன்றாக நடக்கிறேன். வீட்டுக்குள் கழற்றினால் பின்னால் சாய்கிறது, மேட்டில் ஏறுவதுபோல இருக்கிறது.

உங்கள் கால் ஷூவின் குதி உயரத்துக்குப் பொருத்தப்பட்டது. வெறும் பாதமாக நின்றால் கணுக்கால் குழாய் பின்னால் சாயும். வீட்டுக்குள் போட, அதே குதி உயரமுள்ள தனிச் செருப்பு வைத்துக்கொள்வதுதான் எளிய வழி. ஆலன் கீ போட்டு நீங்களே ஸ்குருவைத் திருகாதீர்கள், அலைன்மென்ட் (காலின் கோணப் பொருத்தம்) மொத்தமும் போய்விடும். 1960-களின் இறுதியில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடக்கவும் குத்தவைத்து உட்காரவும் தோதாகச் செய்யப்பட்டது. அதைப் போடுகிறவர்களுக்கு வருவது இதற்கு நேர்மாறான தொல்லை: குதி உயர்ந்த ஷூ போட்டால் முன்னால் தள்ளும்.

கிளிநொச்சி (முழங்காலுக்குக் கீழ், ஜெய்ப்பூர் கால்): ஐயா, வயல் வரம்பிலை நடக்க ஏலுமோ?

ஏலும். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் தரையைக் கண்தான் சொல்ல வேண்டும். ஆனால் காலடியையே பார்த்து நடந்தால் தலை கவிழ்ந்து, உடம்பு முன்னால் போய்விடும். இரண்டு மூன்று மீட்டர் முன்னால் பாருங்கள். நெஞ்சு உயரத் தடி ஒன்று வைத்திருங்கள். சேற்றில் கால் புதைந்தால் நேரே இழுக்க வேண்டாம், ஸ்டம்ப் கழன்று வரும். முழங்காலை முன்னும் பின்னும் ஆட்டி, காற்று புகுந்தபின் தூக்குங்கள். காலைப் பிடித்திருக்கும் பட்டி இறுக்கமாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதம் சேரும் இடத்துச் சேற்றைக் கழுவி, ரப்பரில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். நனைந்த சாக்ஸோடு இருந்தால் தோல் ஊறிப் புண்ணாகும்.

விழுப்புரம்: பேருந்தில் ஏறி இறங்க?

ஏற நல்ல கால் முதலில், இறங்கச் செயற்கைக் கால் முதலில். மாடிப்படிக்கும் இதேதான். கம்பியைப் பிடித்த பிறகே காலைத் தூக்குங்கள்.

கோவை: பகலில் விழுந்ததே இல்லை. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து இரண்டு தடவை விழுந்துவிட்டேன்.

இல்லாத கால் இருப்பதுபோலவே தோன்றும். தூக்கக் கலக்கத்தில் அந்தக் காலை ஊன்றப் போய் விழுகிறீர்கள். கட்டிலைவிட்டு இறங்கும் பக்கம் ஒரு நாற்காலியைக் குறுக்கே போடுங்கள். அதை நகர்த்தும் நேரத்தில் நினைவு வந்துவிடும். விளிம்பில் உட்கார்ந்து ஸ்டம்பைக் கையால் தொட்டுவிட்டு எழுந்திருங்கள். வாக்கர் கையெட்டும் தூரத்தில், சின்ன விளக்கு எரிந்தபடி.

விழுந்தபின் எழுவதையும் பகலில், பாயில், துணைக்கு ஆள் வைத்துப் பழகுங்கள். செயற்கைக் காலோடு விழுந்திருந்தால்: குப்புறத் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, ஆடாத நாற்காலி வரை தவழ்ந்து, இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, நல்ல பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். எழத் தெரிந்துவிட்டால் விழும் பயமும் வெகுவாகக் குறையும்.

தஞ்சாவூர் (முழங்காலுக்குக் கீழ்): முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்?

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது? மாதம் ஒரு தடவை எழுதி வையுங்கள். முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர்களில் 19 விநாடிக்கு மேல் எடுப்பவர்கள் அடிக்கடி விழக்கூடியவர்கள் என்று கணக்கு. நேரம் குறைந்தபின், 100-லிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே அதே தூரம் நடந்து பாருங்கள். எண்ணும்போது நடை தடுமாறினால் சந்தைக்குத் தனியாகப் போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.